சிஎஸ்-க்கு சேஃப்டி காலேஜ் எதை வைப்பது? பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்

ஃப்ரீமான்ட் அப்பா

வணக்கம். மகள் இந்த வருடம் பன்னிரண்டாவது, இங்கேயே பப்ளிக் ஸ்கூல். அன்வெயிட்டட் ஜிபிஏ 4-க்கு 3.93, எஸ்ஏடி 1600-க்கு 1520, ஏபி (கல்லூரித் தர) வகுப்புகள் நிறைய எடுத்திருக்கிறாள், ரோபாட்டிக்ஸ், நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித் தருவது என்று வழக்கமான விஷயங்கள் எல்லாம் உண்டு. சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதம். பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது, கடைசிப் பகுதியில்தான் வீட்டில் தினமும் வாக்குவாதம்.

ரீச் (கிடைப்பது கடினம்): ஸ்டான்ஃபோர்டு, கார்னகி மெல்லன், பெர்க்லி, யூசிஎல்ஏ, ஜார்ஜியா டெக், யூஐயூசி (இல்லினாய் அர்பானா-ஷாம்பெயின்). டார்கெட் (கிடைக்க வாய்ப்பு உண்டு): யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சான் டியேகோ, இர்வைன், பர்டூ, சியாட்டிலில் இருக்கும் யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன். சேஃப்டி (நிச்சயம் கிடைக்கும்): யூசி டேவிஸ், கால் பாலி சான் லூயிஸ் ஒபிஸ்போ, சான் ஹோசே ஸ்டேட்.

மூன்று சேஃப்டி போதும் என்கிறேன் நான். இன்னும் இரண்டு சேர்க்க வேண்டும் என்கிறாள் மனைவி. யூசி விண்ணப்பம் ஒவ்வொரு கேம்பஸுக்கும் 80 டாலர், அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கட்டுரை எழுதியே கை ஓய்ந்துவிட்டது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எடிசன்காரன்

சார், மனைவி சொல்வதைக் கேளுங்கள். எண்ணிக்கைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் சேஃப்டி என்று எழுதிய மூன்றில் இரண்டு சேஃப்டியே கிடையாது, மூன்றாவதும் சந்தேகம்தான்.

டேவிஸின் மொத்த சேர்க்கை விகிதம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். அந்த எண் வரலாறு, உளவியல், சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்த எண். சிஎஸ்-க்கு மட்டும் எடுத்துப் பார்த்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். கால் பாலி ஒவ்வொரு மேஜருக்கும் (பாடப்பிரிவுக்கும்) தனித்தனியாக ஆள் எடுக்கிற இடம், அங்கே சிஎஸ் என்பது கிட்டத்தட்ட ரீச். யூஐயூசி-யிலும் அப்படித்தான், பல்கலைக்கழகத்தின் விகிதம் ஒன்று, சிஎஸ்-க்கு ஒற்றை இலக்கம். வாஷிங்டனை டார்கெட்டில் வைத்திருக்கிறீர்கள், அங்கே வெளி மாநிலப் பிள்ளைக்கு சிஎஸ் கிடைப்பது ஸ்டான்ஃபோர்டு மாதிரிதான், வேறு மேஜரில் நுழைந்து அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்ற கதையும் அங்கே நடக்காது.

2023-இல் உங்கள் பக்கத்து ஊர் பாலோ ஆல்டோ பையன் செய்தி ஞாபகம் இருக்கிறதா? எஸ்ஏடி 1590, பதினெட்டு இடங்களுக்குப் போட்டு பதினாறில் இல்லை என்றார்கள். கிடைத்தது யூடி (டெக்சாஸ் பல்கலை) ஆஸ்டினும் மேரிலாண்டும். அவனுக்கு கூகுளில் நேராக வேலையே கிடைத்தது, அதனால்தான் டிவியில் வந்தான். எல்லோரும் அவனுடைய எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு நிராகரிப்பைப் பற்றியே பேசினார்கள். அந்தப் பதினாறில் டேவிஸும் கால் பாலியும் விஸ்கான்சினும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. உங்கள் சேஃப்டிப் பட்டியல்தான் அது.

சாரடோகா ராகவ அம்மா

இப்படிப் பயமுறுத்த வேண்டாம். என் பெரியவனுக்கு இதைவிடக் குறைந்த ஸ்கோர், டேவிஸ் கிடைத்தது, சிஎஸ்தான். எல்லாம் அந்தந்த வருடத்தின் அதிர்ஷ்டம்.

எடிசன்காரன்

அக்கா, அதிர்ஷ்டம் தேவைப்படுகிறது என்றாலே அது சேஃப்டி இல்லை என்றுதானே நானும் சொல்கிறேன். டார்கெட்டில் வையுங்கள், யார் வேண்டாம் என்றது.

பிளேனோ அம்மா

டெக்சாஸில் இருந்து சொல்கிறேன், இங்கே சட்டமே உத்தரவாதம் தருகிறது, அதிலும் ஜனங்கள் விழுகிறார்கள். பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் என்று 1997-இல் போட்ட சட்டம். ஆஸ்டினுக்கு மட்டும் கூட்டம் தாங்காமல் அதை 6 சதவீதம் ஆக்கி, இப்போது 2026 சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். என் தோழியின் மகன் அந்த வரம்புக்குள் வந்துவிட்டான், வீட்டில் அல்வா கிண்டிவிட்டார்கள். சிஎஸ் கேட்டவனுக்குக் கிடைத்தது வேறு மேஜர். உத்தரவாதம் வாசலுக்கு மட்டும்தான், எந்த அறை என்று சட்டம் சொல்லவில்லை.

டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மிலும் பொறியியல் என்றால் முதல் வருடம் பொதுவாகச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் ஜிபிஏ பார்த்துத்தான் மேஜர் கொடுக்கிறார்கள். சிஎஸ் வேண்டும் என்றால் முதல் வருடம் முழுக்க மறுபடியும் பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி ஓட வேண்டும். இங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு நிஜமான சேஃப்டி யூடி டல்லாஸ். ஸ்காலர்ஷிப் நன்றாகத் தருகிறார்கள், சிஎஸ் நேரடியாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். பிள்ளைகள்தான் "ஹைஸ்கூலில் பார்த்த அதே முகங்கள்" என்று மூக்கைச் சுளிக்கிறார்கள்.

இர்வைன் மூன்றாம் வருடம்

நான் பெற்றோர் இல்லை, ஸ்டூடண்ட், இங்கே பேசலாமா தெரியவில்லை. அங்கிள், உங்கள் பதிவில் பிள்ளைக்கு சான் ஹோசே ஸ்டேட் பிடிக்குமா என்று ஒரு வரிகூட இல்லை. அவளைக் கேட்டீர்களா?

என் வீட்டில் என்ன நடந்தது என்றால், அப்பா சேஃப்டிகளின் பெயரைச் சொல்லும்போதே குரல் மாறும். "ஒண்ணும் கிடைக்கலைன்னா அங்க போக வேண்டியதுதான்" என்பார். இரண்டு வருடம் அதைக் கேட்ட பிறகு, அந்த இடத்திலிருந்து அட்மிட் கடிதம் வந்தபோது அதைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அது ஸ்காலர்ஷிப்போடு வந்த கடிதம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான். சங்கப் பொங்கல் விழாவில் மாமாக்கள் "எந்த காலேஜ்மா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான் பட்டியலையே போடுகிறது.

ஒரு யோசனை. ரீச் கேம்பஸ் எதையும் இப்போது சுற்றிப் பார்க்காதீர்கள், கிடைத்தால் ஏப்ரலில் போகலாம். இந்த மாதம் சனிக்கிழமைகளில் சேஃப்டிகளைப் போய்ப் பாருங்கள். சிஎஸ் துறைக் கட்டடத்துக்குள் நுழைந்து அங்கே இருக்கும் யாரையாவது பிடித்து, இன்டர்ன்ஷிப் எங்கே கிடைத்தது, வகுப்பில் இடம் கிடைக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அவள் கேட்க வேண்டும், நீங்கள் காரில் இருங்கள்.

மில்பிடாஸ் கணக்கர்

சான் ஹோசே ஸ்டேட் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நம் தலைமுறை ஊரில் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தது. கவுன்சலிங்குக்குப் போகும் முன்பே 196.25-க்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்று போன வருடப் பட்டியலை வைத்துச் சொல்லிவிடுவோம். இந்த ஊரில் அப்படி ஒரு எண்ணே இல்லாததுதான் நம்மைப் பைத்தியமாக அடிக்கிறது. ஆனால் சான் ஹோசே ஸ்டேட்டில் இருக்கிறது! மேஜர்வாரியாகப் போன வருடம் எந்த இண்டெக்ஸ் (முக்கியமாக ஜிபிஏ-யை வைத்துப் போடும் எண்) வரை எடுத்தோம் என்று அவர்களே தளத்தில் போடுகிறார்கள். கட்டுரை கிடையாது, எஸ்ஏடி பார்ப்பதில்லை, கால் ஸ்டேட் (சான் ஹோசே ஸ்டேட் மாதிரியான மாநிலப் பல்கலைகள்) எதிலுமே இப்போது எஸ்ஏடி இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒரு சிக்கல், சார். உள்ளூர் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை உண்டு, அந்த உள்ளூர் என்பது சாண்டா கிளாரா கவுண்டி. நீங்கள் அலமீடா கவுண்டி. ஃப்ரீமான்ட்டிலிருந்து பதினைந்து மைலில் கேம்பஸ் தெரியும், ஆனால் காகிதத்தில் நீங்கள் வெளியூர். உங்கள் உள்ளூர் ஹேவர்டில் இருக்கும் கால் ஸ்டேட் ஈஸ்ட் பே. சான் ஹோசே சிஎஸ் இண்டெக்ஸ் மேலேதான் நிற்கிறது, உங்கள் பெண்ணின் எண் போன வருட வரம்பைவிட நல்ல இடைவெளியில் மேலே இருந்தால் மட்டும் சேஃப்டி என்று எழுதுங்கள், ஒட்டிப்போனால் எழுதாதீர்கள்.

யூசி-க்குள் உங்களுக்கு நிஜ சேஃப்டி மெர்செட், பெரும்பாலும் ரிவர்சைடும். மாநிலத்தில் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு, கேட்ட கேம்பஸ் எதுவும் கிடைக்காவிட்டால் இடம் இருக்கிற வேறொரு கேம்பஸில் தருவதாக யூசி-யே சொல்கிறது. அந்த "வேறொரு கேம்பஸ்" நடைமுறையில் பெரும்பாலும் மெர்செட்தான். அதற்காகக் காத்திருக்காமல் நேராகவே விண்ணப்பத்தில் டிக் செய்துவிடுங்கள், அதே நான்கு கட்டுரைதான், கூட எழுத ஒன்றும் இல்லை. சாண்டா குரூஸ் போடுவதாக இருந்தால் சிஎஸ் என்றே போடுங்கள், அங்கே வேறு மேஜரில் போய் சிஎஸ்-க்கு மாற முடியாது.

சாரடோகா ராகவ அம்மா

மெர்செட்டா? வயலுக்கு நடுவே இருக்கிறதே.

மில்பிடாஸ் கணக்கர்

2005-இல் திறந்த கேம்பஸ், வயலுக்கு நடுவேதான் இருக்கும். 2025-இல் கார்னகி வகைப்பாட்டில், அதிக ஆய்வு நடக்கும் பல்கலைகளின் ஆர்1 வரிசைக்கும் வந்துவிட்டது. நாம் படித்த கல்லூரிகள் எதற்கு நடுவே இருந்தன என்று யோசித்துப் பாருங்கள் மேடம்.

பிட்ஸ்பர்க் தாத்தா

பேத்திக்காக இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது, சீக்கிரம் பதில் சொல்லும் இடம் ஒன்று கட்டாயம் வேண்டும். பிட் (பிட்ஸ்பர்க் பல்கலை) ரோலிங் அட்மிஷன், அதாவது விண்ணப்பம் வர வரப் பதில் சொல்வது, ஆகஸ்டில் திறந்துவிடும், சீக்கிரம் போட்டவர்களுக்குச் சில வாரங்களில் பதில் வரும். ஏஎஸ்யூ-வும் (அரிசோனா ஸ்டேட்) அப்படியே. கையில் ஒரு அட்மிட் வந்துவிட்டால் மிச்சக் கட்டுரைகளைப் பிள்ளை பதற்றமில்லாமல் எழுதும், வீட்டிலும் இரவுச் சாப்பாடு நிம்மதியாக நடக்கும். ஸ்காலர்ஷிப் பணமும் தாமதமாகப் போட்டவர்களுக்கு மிஞ்சுவதில்லை. பென் ஸ்டேட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அட்மிட் என்று வரும், படித்துப் பார்த்தால் முதல் இரண்டு வருடம் வேறு கேம்பஸ், அப்புறம்தான் தலைமை கேம்பஸான யூனிவர்சிட்டி பார்க் என்றிருக்கும்.

ரெட்மண்ட் மழை

யாரும் பேசாத ஒன்று, சேஃப்டியே நம் பிள்ளையை வேண்டாம் என்று சொல்வது. என் மகளுக்கு ஒரு நடுத்தரத் தனியார் பல்கலை வெயிட்லிஸ்ட் போட்டது, அவளைவிட எல்லா விதத்திலும் குறைந்த மார்க் வாங்கிய வகுப்புத் தோழனை எடுத்தது. இவள் எப்படியும் வரமாட்டாள் என்று கணக்குப் போடுகிறார்கள்.

எடிசன்காரன்

இது பாதி உண்மை, பாதி ஆறுதல் என்பது என் கருத்து. கிடைக்காததற்கெல்லாம் "நாங்கள் ஓவர் குவாலிஃபைட்" என்று சொல்லிக்கொள்வது நம்மவர்களுக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் சரிபார்க்க வழி உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஒரு ஆவணம் வெளியிடும், அதில் சி7 என்ற அட்டவணையைப் பாருங்கள். விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்துக்கு எவ்வளவு எடை என்று ஒரு வரி இருக்கும். அங்கே "முக்கியம்" என்று போட்டிருந்தால் அந்தக் கல்லூரி உங்கள் பிள்ளைக்குச் சேஃப்டி இல்லை, எவ்வளவு மார்க் இருந்தாலும். கேம்பஸ் விசிட், அவர்கள் நடத்தும் ஆன்லைன் கூட்டம், "ஏன் எங்கள் கல்லூரி" கட்டுரையை உண்மையிலேயே உட்கார்ந்து எழுதுவது, இதெல்லாம் செய்தால்தான் வேலைக்கு ஆகும். "பார்க்கப்படாது" என்று போட்டிருந்தால் நிம்மதி. பெரிய மாநிலப் பல்கலைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை, அதனால்தான் சேஃப்டியை அங்கே தேடச் சொல்கிறேன்.

சாண்ட்லர் வெயில்

அரிசோனாவிலிருந்து. ஏஎஸ்யூ-வில் உத்தரவாத நிபந்தனையைத் தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள், 3.0 ஜிபிஏ மாதிரி எளிதானது, ஃபுல்டன் பொறியியல் பள்ளிக்கு அதற்கு மேல் தனி நிபந்தனை, அதுவும் இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பாரெட் ஆனர்ஸ் காலேஜுக்குத் தனியாகப் போட வேண்டும், அது உத்தரவாதம் கிடையாது.

பணத்தைப் பற்றியும் பேசுவோமே. கடைசிவரை யாரும் பேசாமல் மார்ச்சில் அடித்துக்கொள்வது அதைத்தான். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு யூசி கல்விக்கட்டணம் 15,000 டாலரை ஒட்டி வரும், விடுதி, சாப்பாடு தனி. அதே யூசி வெளி மாநிலத்தவரிடம் அதன் மேல் 35,000-க்கும் அதிகமாக வாங்குகிறது. நீங்கள் பர்டூவோ யூஐயூசி-யோ போனால் அந்த வெளி மாநிலத்தவர் நீங்கள்தான். அட்மிட் கிடைத்து, கட்ட முடியாத இடம் எப்படி சேஃப்டி ஆகும்? ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டுவது) இருக்கும், ஃபெடரல் சட்டப்படி வைத்தே ஆக வேண்டும், பத்து நிமிட வேலை. இரண்டு பேர் சம்பளம் வாங்கும் பே ஏரியா வீட்டுக்குத் தேவை அடிப்படையில் அனேகமாக ஒன்றும் வராது, மெரிட் ஸ்காலர்ஷிப்தான் கதி.

மேற்கு மாநிலங்களுக்குள் டபிள்யூயூஇ என்று ஒரு ஏற்பாடு உண்டு, அதில் சேர்ந்திருக்கும் பல்கலைகளில் அந்த ஊர்க்காரர் கட்டுவதில் அதிகபட்சம் ஒன்றரை மடங்குதான் வாங்குவார்கள். ரினோவில் இருக்கும் நெவாடா அதில் இருக்கிறது. எந்த மேஜருக்குப் பொருந்தும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்ஏடி-யில் நேஷனல் மெரிட் ஃபைனலிஸ்ட் ஆனால் அலபாமாவில் கல்விக்கட்டணமும் நான்கு வருட விடுதியும் இலவசம். அலபாமா என்றதும் சிரிப்பவர்கள் அந்தத் தொகையை நான்கால் பெருக்கிவிட்டுச் சிரிக்கட்டும்.

டி ஆன்சா ரசிகன்

இவ்வளவு தூரம் ஏன் அலைகிறீர்கள்? கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடக் கல்லூரி) இருக்கிறதே, குப்பர்டினோவில் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஃபுட்ஹில், உங்கள் ஊரிலேயே ஓலோனி. ஓலோனியில் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடம் படித்து டேக் (டிரான்ஸ்ஃபர் உத்தரவாத) ஒப்பந்தம் போட்டால் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் இந்த ஆறில் ஒன்றில் மூன்றாம் வருடம் உத்தரவாத இடம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ அதில் இல்லை, ஆனாலும் அங்கேயும் டிரான்ஸ்ஃபர் வழியாக நிறையப் பேர் போகிறார்கள். பட்டமளிப்புச் சான்றிதழில் யூசி என்றுதான் இருக்கும்.

இர்வைன் மூன்றாம் வருடம்

அங்கிள், உண்மைதான், ஆனால் டேக் எல்லா மேஜருக்கும் இல்லை. சாண்டா பார்பராவில் பொறியியல் கல்லூரிக்குக் கிடையாது, சிஎஸ் அந்தக் கல்லூரிக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு கேம்பஸும் விலக்கிவைத்த மேஜர் பட்டியலை வருடா வருடம் மாற்றுகிறது, போடும் வருடத்தில் பார்க்க வேண்டும்.

வாசிக்க மட்டும் வந்தவன்

நாங்கள் எச்-1பி, பையன் எச்-4 (குடும்பத்தினருக்கான விசா), கிரீன் கார்டு வரிசையில் எப்போது வரும் என்று சொல்லத் தெரியாது. எங்களுக்கும் இதே கணக்குதானா?

பிளேனோ அம்மா

தம்பி, உங்களுக்குக் கணக்கு வேறு. எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஃபாஃப்ஸா விண்ணப்பம் வழியாக வரும் ஃபெடரல் உதவி, கடன் எதுவும் எச்-4 பிள்ளைக்குக் கிடையாது. நேஷனல் மெரிட்டுக்கும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு, குறைந்தது கிரீன் கார்டு விண்ணப்பமாவது போட்டிருக்க வேண்டும். உள்மாநிலக் கட்டணம் கலிஃபோர்னியா, டெக்சாஸ் மாதிரிப் பல மாநிலங்களில் கிடைக்கும், ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1-க்கு (மாணவர் விசா) மாறும்போது அது தொடருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்த ரெசிடென்சி அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள், ஃபோனில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். இன்னொன்று, எச்-4-இல் சம்பளம் வாங்கும் இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. சிஎஸ் பிள்ளைக்கு இரண்டாம் வருடக் கோடையிலேயே அது தேவைப்படும் என்பதால் சிலர் முன்கூட்டியே எஃப்-1 மாறிவிடுகிறார்கள், அப்போது கட்டணம் எகிறலாம். ஆகவே உங்களுக்குச் சேஃப்டி என்பது, முழு வெளிநாட்டு மாணவர் கட்டணம் வந்தாலும் நான்கு வருடம் தாங்கும் இடமாக ஒன்றாவது இருக்க வேண்டும்.

சேலத்துக்காரர்

இதற்கு ஊரிலேயே ஒரு சீட் வாங்கி வைத்துவிடலாமே, டாசா (வெளிநாட்டில் படித்தவர்களுக்கான சேர்க்கை) இருக்கிறதே?

மில்பிடாஸ் கணக்கர்

டாசா வழியாக என்ஐடி போக இப்போது ஜேஇஇ மெயின் எழுத வேண்டும் சார், பழைய எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட் காலம் போய்விட்டது. இங்கே ஏபி கால்குலஸ் படித்த பிள்ளையை டிசம்பரில் பிடித்து ஜேஇஇ-க்கு உட்கார வைப்பது யாருக்கும் நிம்மதி தராது.

ஃப்ரீமான்ட் அப்பா

எல்லோருக்கும் நன்றி, எடிசன் சாருக்குத் தனியாக. நேற்று சான் ஹோசே இண்டெக்ஸ் கணக்குப் போட்டோம், போன வருட வரம்புக்கு மேலே இருக்கிறாள், ஆனால் நிறைய மேலே இல்லை, அதனால் டார்கெட்டுக்குத் தூக்கியாகிவிட்டது. வாஷிங்டனை எடுத்துவிட்டோம். யூஐயூசி-யை எடுக்க மாட்டேன் என்கிறாள், விட்டுவிட்டேன். டேவிஸும் கால் பாலியும் டார்கெட்டுக்கும் மேலே போயின. சேஃப்டியில் இப்போது ரிவர்சைட், மெர்செட், ஏஎஸ்யூ.

மூன்றையும் கேட்டதில் அவளுக்கு ரிவர்சைட் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை, மெர்செட் வேண்டாம் என்றாள், ஏஎஸ்யூ-வுக்கு மட்டும் முகம் மலர்ந்தது, அங்கே இருக்கும் ஏதோ ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தை ஏற்கெனவே யூடியூபில் பார்த்திருக்கிறாள், எங்களிடம் சொல்லவே இல்லை. ஆனால் ஏஎஸ்யூ வெளி மாநிலக் கட்டணம், மெரிட் போக எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். மனைவி மெர்செட்டை எடுக்கக் கூடாது என்கிறாள். சாண்ட்லர்காரரே, பாரெட்டுக்கு எப்போது போட வேண்டும்?

சாண்ட்லர் வெயில்

முதல் கெடு அனேகமாக நவம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும், தளத்தில் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஎஸ்யூ விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், கட்டுரையே கிடையாது, டிரான்ஸ்கிரிப்ட் விவரம் இருந்தால் போதும். மெரிட் தொகை அட்மிட் வந்தவுடன் கையோடு தெரிந்துவிடும், அதற்குப் பிறகு மெர்செட் வேண்டுமா என்று சண்டை போடலாம், யூசி கெடுவுக்கு நவம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது. கேம்பஸ் பார்க்க வந்தால் சொல்லுங்கள், ஏஎஸ்யூ இருக்கும் டெம்பி எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். ஜூன், ஜூலையில் மட்டும் வராதீர்கள், அந்த வெயிலைப் பார்த்தால் உங்கள் பெண் மனசு மாறிவிடுவாள்.